வாட்டம் பார்த்து வேகம் அறிவோம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

சென்ற ஆண்டு எங்களுக்கு நடந்த முதல் மாதத் தேர்வில் ஒரு வரைபடம் கொடுத்து வினாக் கேட்டிருந்தார்கள். கிடை அச்சில் நேரம், விநாடியில். செங்குத்து அச்சில் வீட்டிலிருந்து உள்ள தொலைவு, மீட்டரில். கோடு சுழியில் தொடங்கி நேராக ஏறி 200ஆவது விநாடியில் 600 மீட்டரைத் தொட்டது. அங்கிருந்து 300ஆவது விநாடி வரை கிடையாக நீண்டது. பிறகு நேராக இறங்கி 450ஆவது விநாடியில் கிடை அச்சை அடைந்தது. ‘இந்தச் சைக்கிள்காரரின் இயக்கத்தை விவரி’ என்பது வினா. மதிப்பெண் 10.

விவரித்தேன். சைக்கிள்காரர் ஒரு குன்றின்மேல் ஏறினார். உச்சியில் சமதரையில் சற்றுத் தூரம் ஓட்டினார். மறுபக்கத்துச் சரிவில் வேகமாக இறங்கினார் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். இறங்கும்போது புவியீர்ப்பு அவருக்கு எவ்வாறு துணை செய்தது என்பதையும் விடவில்லை. கிடைத்தது 2 மதிப்பெண். அந்த இரண்டும் கையெழுத்துக்காக இருக்கலாம்.

விடைத்தாளைப் பார்த்துப் பக்கத்து வரிசையில் சிலர் சிரித்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ‘நமக்கு இதெல்லாம் வராதோ’ என்ற எண்ணம் அன்றிரவு வந்ததை மறைப்பதற்கில்லை. பாடநூலில் மூன்று வரியில் முடிந்துவிடும் செய்தி எனக்கு விளங்க மூன்று மாதம் ஆயிற்று. இவ்வாண்டு முதலாண்டில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கையருக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன். படம் ஏதும் இக்கட்டுரையில் இல்லை. வரைபடத்தாள் ஒன்றும் பென்சிலும் அளவுகோலும் எடுத்து வைத்துக்கொண்டு, சொல்லச் சொல்ல நீங்களே வரைந்துகொண்டு வாருங்கள். வரையாமல் படித்தால் பயனில்லை.

அப்பா சொன்ன வாட்டம்

என் தந்தையார் கொத்தனார் வேலை செய்கிறார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். விடைத்தாளை அவரிடம் காட்டும் எண்ணம் எனக்கில்லை. அவரே எடுத்துப் பார்த்துவிட்டார். எழுத்தை விட்டுவிட்டுப் படத்தையே சிறிது நேரம் பார்த்தவர், கிடையாகப் போகும் கோட்டின்மேல் விரலை வைத்து, “ஏம்மா, இந்த இடத்துல வாட்டமே இல்லையே, தண்ணி நிக்குமே” என்றார்.

தளம் போடும்போது மழைநீர் வடிவதற்காக ஒரு பக்கம் தாழ்த்துவதைத்தான் வாட்டம் விடுதல் என்பார்கள். மொட்டை மாடிக்குப் பத்தடிக்கு ஓர் அங்குலம் என்பது அப்பாவின் கணக்கு. குளியலறைத் தரைக்கு அதைவிடக் கூடுதலாக விடுவார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ‘இந்தத் தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது’ என்பது ஒரு கேள்வி. ‘இந்தத் தளத்துக்கு எவ்வளவு வாட்டம்’ என்பது வேறொரு கேள்வி. மூன்றாம் மாடித் தளமும் வாட்டமில்லாமல் இருக்கலாம். தரைமட்டத்துக் குளியலறை நல்ல வாட்டத்தோடு இருக்கலாம். உயரத்தைச் சொல்ல ஓர் எண் போதும். வாட்டத்தைச் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும்: எத்தனை அடிக்கு எத்தனை அங்குலம்.

நம் பாடநூல் ‘சாய்வு’ என்று சொல்வது இதைத்தான். நிலை–நேர வரைபடத்தில் கோட்டின் உயரம், பொருள் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைச் சாய்வுதான் சொல்லும். எத்தனை விநாடிக்கு எத்தனை மீட்டர்? அதுவே திசைவேகம். எங்கள் வினாவில் முதற்பகுதியின் சாய்வு 600ஐ 200ஆல் வகுக்க 3 மீ/வி. நடுப்பகுதியில் சாய்வு சுழி. தண்ணீர் நிற்கும் என்றார் அப்பா. அங்கே சைக்கிள் நிற்கிறது. அவர் வரைபடத்தைப் படித்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் பார்க்காமல் விட்டதை அவர் கண் முதலில் பார்த்தது.

உவமையை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. தண்ணீர் எந்தப் பக்கம் பள்ளமோ அந்தப் பக்கம் ஓடும். வரைபடத்தில் நாம் எப்போதும் இடமிருந்து வலமாகத்தான் போக வேண்டும். நேரம் பின்னோக்கி ஓடாது. அப்படிப் போகும்போது கோடு ஏறினால் சாய்வு நேர்க்குறி, இறங்கினால் எதிர்க்குறி. எதிர்க்குறி என்றால் பள்ளத்தில் இறங்குகிறார் என்று பொருளன்று. வந்த வழியே திரும்புகிறார் என்று பொருள். சாலை முழுவதும் சமதரையாகவே இருக்கலாம். சாலையின் மேடுபள்ளம் பற்றி இந்தப் படத்தில் எங்குமே செய்தி இல்லை.

இன்னோர் எச்சரிக்கை. சாய்வைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். செங்குத்து அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு 100 மீட்டர் என்று எடுத்தால் செங்குத்தாகத் தெரியும் அதே கோடு, 500 மீட்டர் என்று எடுத்தால் படுத்துவிடும். ஓடியவர் வேகம் மாறவில்லை. நம் அளவுத்திட்டம்தான் மாறியது. கொத்தனாரும் கண்ணை நம்பி வாட்டம் விடுவதில்லை, ரசமட்டம் வைத்துத்தான் பார்ப்பார். நமக்கு ரசமட்டம், அச்சில் எழுதியுள்ள எண்களும் அலகுகளுமே.

ஒன்பதரை விநாடி ஓட்டம்

கற்பனைச் சைக்கிள்காரரை விட்டு, உண்மையாக ஓடிய ஒருவரைப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று பெர்லின் நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் ஜமைக்கா நாட்டு உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். அவர் 20 மீட்டரை 2.89 விநாடியிலும், 40 மீட்டரை 4.64 விநாடியிலும், 60 மீட்டரை 6.31 விநாடியிலும், 80 மீட்டரை 7.92 விநாடியிலும் கடந்ததாக அங்கேயே அளந்து வெளியிட்டார்கள்.

இந்தப் புள்ளிகளை வரைபடத்தாளில் குறித்து, மெல்ல வளையும் கோட்டால் இணையுங்கள். தொடக்கத்திலேயே ஒரு சுவையான செய்தி உண்டு. துப்பாக்கி ஒலிக்கும் நேரந்தான் சுழி நேரம். ஒலி கேட்டு அவர் உடல் இயங்கத் தொடங்க 0.146 விநாடி ஆயிற்று. ஆகவே கோடு முதலில் கிடை அச்சோடு ஒட்டியே சிறிது தூரம் போய்ப் பிறகுதான் எழும். உலகத்தின் மிக வேகமான மனிதரின் வரைபடமும் வாட்டமில்லாமல்தான் தொடங்குகிறது.

இனி ஒவ்வொரு 20 மீட்டருக்கும் சாய்வு காண்போம். முதல் 20 மீட்டருக்கு 2.89 விநாடி, சராசரி 6.92 மீ/வி. அடுத்ததற்கு 1.75 விநாடி, 11.43 மீ/வி. மூன்றாவதற்கு 1.67 விநாடி, 11.98 மீ/வி. நான்காவதற்கு 1.61 விநாடி, 12.42 மீ/வி. இது மணிக்கு 44.7 கிலோமீட்டர். கடைசி 20 மீட்டருக்கு 1.66 விநாடி, 12.05 மீ/வி.

நிலை–நேர வரைபடத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் வளைந்து எழுந்த கோடு, 40 மீட்டருக்கு அப்பால் ஏறத்தாழ நேர்கோடாகவே தெரிகிறது. கடைசியில் வேகம் குறைந்ததைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இப்போது இன்னொரு தாளில் கிடை அச்சில் நேரத்தையும் செங்குத்து அச்சில் திசைவேகத்தையும் எடுத்து, மேற்சொன்ன ஐந்து சராசரிகளையும் படிக்கட்டுப் போல வரையுங்கள். நான்கு படி ஏறி, ஐந்தாவதில் ஒரு சிறு இறக்கம்.

கோடு இறங்கிவிட்டதே, உசைன் போல்ட் கடைசி 20 மீட்டரைப் பின்புறமாக ஓடினாரா? சிரிக்காதீர்கள். என் குன்றைப் போன்றதுதான் இந்தத் தவறும். முதற் படத்தில் கோடு இறங்கினால் திரும்பி வருகிறார் என்று பொருள். இந்தப் படத்தில் கோடு இறங்கினால் வேகம் குறைகிறது என்றுதான் பொருள். அவர் முன்னோக்கியே ஓடுகிறார். திரும்பி வர வேண்டுமானால் இந்தக் கோடு கிடை அச்சைத் தாண்டிக் கீழே போக வேண்டும். அதே போல, முதற் படத்தில் கிடைக்கோடு என்றால் பொருள் நிற்கிறது. இரண்டாம் படத்தில் கிடைக்கோடு என்றால் மாறாத வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கோட்டின் வடிவம் ஒன்றே, செய்தி வேறு. ஆகவே கோட்டைப் பார்ப்பதற்கு முன் செங்குத்து அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். நான் இப்போது தேர்வில் அந்தச் சொல்லைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் மேலே படிக்கிறேன்.

மேலே நாம் கண்டவை சராசரிகள். ஒரு குறிப்பிட்ட கணத்தின் திசைவேகம் வேண்டுமென்றால், வளைகோட்டில் அந்த இடத்தைத் தொட்டும் தொடாமலும் போகுமாறு அளவுகோலை வைத்துத் தொடுகோடு வரைந்து, அதன் சாய்வைக் காண வேண்டும். வகைநுண்கணிதத்தில் வகைக்கெழு என்று நாம் உருப்போடுவது இந்தத் தொடுகோட்டின் சாய்வையே. கணித வகுப்பிலும் இயற்பியல் வகுப்பிலும் வெவ்வேறு நாளில் சொல்லித் தருவதால் இரண்டும் ஒன்றென்று தோன்றுவதில்லை.

படிக்கட்டின் பரப்பு

அந்தப் படிக்கட்டுப் படத்தை எடுத்து வைக்காதீர்கள். முதற்படி குட்டையானது, ஆனால் அகலமானது: உயரம் 6.92, அகலம் 2.89. நான்காம் படி நெட்டையானது, ஒடுங்கியது: உயரம் 12.42, அகலம் 1.61. உயரத்தை அகலத்தால் பெருக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் 20தான் வரும். மற்ற மூன்றுக்கும் அதே. அப்பா பூச்சுக் கூலிக்குச் சுவரை அளப்பது போலத்தான். பத்தடி நீளம் ஆறடி உயரச் சுவரும், ஐந்தடி நீளம் பன்னிரண்டடி உயரச் சுவரும் கூலிக்கு ஒன்றே.

ஆனால் சுவரைப் பெருக்கினால் சதுர அடி வரும். இங்கே வருவது சதுர மீட்டர் அன்று. மீட்டர்/விநாடியை விநாடியால் பெருக்கினால் விநாடி அடிபட்டு மீட்டர் மட்டும் நிற்கும். திசைவேக–நேர வரைபடத்தில் கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு, பொருள் கடந்த இடப்பெயர்ச்சி. ஐந்து படியும் சேர்ந்து 100 மீட்டர். பரப்பு எப்படித் தூரமாகும் என்று நான் நெடுநாள் குழம்பினேன். அலகை எழுதிப் பெருக்கிய அன்றுதான் குழப்பம் தீர்ந்தது.

வேகம் சீராக மாறும்போது படிக்கட்டு மறைந்து சாய்கோடு வரும். ஓர் எடுத்துக்காட்டு. நிறுத்தத்தில் பேருந்து நிற்கிறது. 4 மீ/வி மாறா வேகத்தில் வரும் சைக்கிள் அதைக் கடக்கும் அதே கணத்தில் பேருந்து புறப்பட்டு, விநாடிக்கு 1 மீ/வி வீதம் வேகம் கூட்டுகிறது. இரண்டின் திசைவேகத்தையும் ஒரே தாளில் வரையுங்கள். சைக்கிளுக்கு 4இல் ஒரு கிடைக்கோடு. பேருந்துக்குச் சுழியிலிருந்து ஏறும் சாய்கோடு. இரண்டும் 4ஆவது விநாடியில் வெட்டிக்கொள்கின்றன.

அந்த இடத்தில் பேருந்து சைக்கிளைப் பிடித்துவிட்டது என்று எழுதுபவர் பலர். பரப்பைக் கேளுங்கள். 4 விநாடியில் சைக்கிளின் செவ்வகம் 16 மீட்டர். பேருந்தின் முக்கோணம் 8 மீட்டர். பேருந்து 8 மீட்டர் பின்தங்கி நிற்கிறது. அதுமட்டுமன்று, அந்தப் பின்தங்கல் மிகக் கூடுதலாக இருப்பதும் அப்போதுதான். அதுவரை சைக்கிள் விலகிக்கொண்டே போயிற்று, அதன்பின் பேருந்து நெருங்கத் தொடங்குகிறது. வெட்டும் புள்ளி சொல்வது வேகம் சமம் என்பதை மட்டுமே. பிடிப்பது 8ஆவது விநாடியில்: சைக்கிள் 4 × 8 = 32 மீட்டர்; பேருந்தின் முக்கோணத்தில் 8 × 8இல் பாதி, அதுவும் 32. வெட்டும் புள்ளிக்கு இடப்புறம் சைக்கிளுக்கு மிஞ்சியிருந்த சிறு முக்கோணமும், வலப்புறம் பேருந்துக்கு மிஞ்சும் முக்கோணமும் சமமாக இருப்பதைப் படத்தில் கத்தரித்து ஒட்டிக்கூடப் பார்க்கலாம்.

ஓய்விலிருந்து சீராக வேகம் கூடும் பொருள், இறுதி வேகத்தில் பாதியில் சீராக ஓடிய பொருள் கடந்த தூரத்தையே கடக்கும் என்ற உண்மை இதில் அடங்கியிருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு ஒரேம் என்ற அறிஞர் இதை முக்கோணமும் செவ்வகமும் வரைந்து காட்டினார். கலிலியோ 1638இல் வெளிவந்த தம் நூலில் விழும் பொருளின் இயக்கத்தை ஆராய இதையே அடிப்படையாகக் கொண்டார். வகைநுண்கணிதம் பிறப்பதற்கு முன்பே பரப்பை வைத்துத் தூரம் கண்டவர்கள் அவர்கள்.

நிலை–நேர வரைபடத்தில் கோடுகள் வெட்டினால் நேர்மாறான செய்தி: இருவரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், வேகம் சமமாக இருக்க வேண்டியதில்லை. இரயில்வேக் கட்டுப்பாட்டு அலுவலகங்களில் கிடையாக நேரத்தையும் செங்குத்தாக நிலையங்களையும் குறித்து ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு வரைவார்கள். இன்று கணிப்பொறியில் வரைகிறார்கள். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரு வண்டிகளின் கோடுகள் நிலையம் உள்ள இடத்தில்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். நிலையங்களுக்கு நடுவே வெட்டினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் குழப்பங்கள் எல்லாம் என் ஒருத்திக்கே உரியவை என்றுதான் எண்ணியிருந்தேன். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்டெர்மாட் அம்மையாரும் அவருடன் இருவரும் 1987இல் இதைப்பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்கள். நிலை–நேர வரைபடத்தில் சாய்வைப் பார்க்க வேண்டிய இடத்தில் உயரத்தைப் பார்த்து, இரு கோடுகள் வெட்டும் புள்ளியை ‘வேகம் சமம்’ என்று அங்குள்ள கல்லூரி மாணவர்களும் எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லி முடியாது.

எறிந்த பந்து

செங்குத்தாக மேலே எறிந்த பந்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 19.6 மீ/வி திசைவேகத்தில் எறிகிறோம். மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொண்டால், திசைவேகக் கோடு 19.6இல் தொடங்கி, 2ஆவது விநாடியில் கிடை அச்சை வெட்டி, 4ஆவது விநாடியில் –19.6க்கு இறங்கும் ஒரே நேர்கோடு. வளைவு எங்குமில்லை. அதன் சாய்வு எங்கும் –9.8, அதாவது முடுக்கம் எங்கும் ஒன்றே, உச்சியிலும்கூட. உச்சியில் திசைவேகம் சுழியாவதால் முடுக்கமும் சுழி என்று எழுதுவது நம்மில் பலருக்கு வழக்கம். கோடு அச்சைத் தொடும் இடத்தில் உயரந்தான் சுழி. வாட்டம் அப்படியே இருக்கிறது. அச்சுக்கு மேலுள்ள முக்கோணம் 19.6 மீட்டர், கீழுள்ளது –19.6 மீட்டர். கூட்டினால் சுழி, பந்து கைக்கே வந்துவிட்டது. குறியை விட்டுக் கூட்டினால் 39.2 மீட்டர், அது பந்து உண்மையில் கடந்த தொலைவு.

இனி அந்தப் பழைய வினாவுக்கு விடை எழுதலாம். சைக்கிள்காரர் வீட்டிலிருந்து புறப்பட்டு 200 விநாடி 3 மீ/வி வேகத்தில் ஓட்டினார். 600 மீட்டர் தொலைவில் 100 விநாடி நின்றார். பிறகு திரும்பி 150 விநாடியில், 4 மீ/வி வேகத்தில் வீடு வந்து சேர்ந்தார். திசைவேகப் படம் 3இல் ஒரு கோடு, சுழியில் ஒரு கோடு, –4இல் ஒரு கோடு. பரப்புகள் 600, 0, –600. இடப்பெயர்ச்சி சுழி, கடந்த தொலைவு 1200 மீட்டர். நுட்பமாகப் பார்த்தால் வினாத்தாளிலும் ஒரு குறை உண்டு. 200ஆவது விநாடியில் கோடு கூர்முனையாக மடிகிறது. அப்படியானால் 3 மீ/வி வேகம் கண நேரங்கூட இல்லாமல் சுழியாக வேண்டும். எந்தப் பிரேக்கும் அப்படிப் பிடிக்காது. உண்மையான வரைபடத்தில் அந்த முனை சற்றே மழுங்கியிருக்கும்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வரைந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “அதெல்லாஞ் சரிம்மா, அந்த நூறு விநாடி அவன் அங்க நின்னு என்ன பண்ணான்?” என்றார். அதற்கு விடை இரண்டு அச்சிலும் இல்லை.